டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட்: குறைந்தது தசையா, வெறும் கணக்கா?

மூன்று மாதமாக விடாமல் ஜிம்முக்குப் போகிறீர்கள். சாப்பாட்டிலும் கட்டுப்பாடு. பலன் தெரிகிறதா என்று பார்க்க இரண்டாவது முறை டெக்ஸா ஸ்கேன் எடுக்கிறீர்கள். ரிப்போர்ட்டில் கொழுப்பு ஒரு கிலோ குறைவு. கூடவே ‘லீன் மாஸ்’ ஒன்றரை கிலோ குறைவு. ‘ஐயோ, தசை போச்சே’ என்று புரோட்டீன் டப்பா வாங்க ஓடுவதற்கு முன் ஒரு கேள்வி. அந்த ஒன்றரை கிலோ நிஜமாகவே உடம்பில் குறைந்ததா, இல்லை அளவீட்டுப் பிழையா?

டெக்ஸா எதை அளக்கிறது?

டெக்ஸா ஒன்றும் கொழுப்பை எடை போடும் தராசு அல்ல. படுத்திருப்பவரின் உடல் வழியாக இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களை அது அனுப்புகிறது. மறுபக்கம் இருக்கும் டிடெக்டர், எவ்வளவு கதிர் தப்பி வந்தது என்று எண்ணுகிறது. எலும்பு, தசை, கொழுப்பு மூன்றும் இந்தக் கதிர்களை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசத்தை வைத்து, எங்கே எது எவ்வளவு என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது. கருவி அளப்பது கதிரை மட்டும்தான். கிலோவெல்லாம் கணக்கில் வருவது.

இன்னொன்று: லீன் மாஸ் என்றால் தசை மட்டும் அல்ல. கொழுப்பும் எலும்பும் போக மீதி இருக்கும் எல்லாமே, அதாவது உள்ளுறுப்புகள், ரத்தம், தண்ணீர் உட்பட அத்தனையும் அதில் அடக்கம்.

எலும்பு இருக்கும் இடத்தில் என்ன சிக்கல்?

பள்ளிக்கூடக் கணக்குதான். இரண்டு சமன்பாடுகள் இருந்தால் இரண்டு விடைகளைத்தான் கண்டுபிடிக்க முடியும். டெக்ஸாவில் இரண்டு ஆற்றல்கள். உடம்பிலோ மூன்று பொருட்கள். எலும்பு இல்லாத பிக்சலில் கொழுப்பையும் லீன் மாஸையும் பிரித்துவிடலாம். எலும்பு குறுக்கே வந்தால், எலும்பு எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். அந்த ‘மற்றவை’யில் கொழுப்பு எவ்வளவு என்பதைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. முழு உடல் ஸ்கேனில் உடம்பு விழும் பிக்சல்களில் சுமார் 40 சதவீதத்தில் எலும்பு இருக்கும். விலா எலும்புகள் நெருக்கமாக இருக்கும் மார்புப் பகுதியில் ஊகம் இன்னும் கடினம்.

தண்ணீர் குடித்தால் லீன் மாஸ் கூடுமா?

கூடும். ஸ்கேனுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால், அதில் பெரும்பகுதி லீன் மாஸ் கணக்கில்தான் ஏறும்.

மாவுச்சத்தைக் குறைப்பவர்களுக்கு இது முக்கியம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன், ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 300 கிராம் கிளைகோஜன் தீர்ந்தால், தண்ணீரோடு சேர்த்து 1.2 கிலோ போய்விடும். தசை நார் ஒரு கிராம்கூடக் குறையாமலே ரிப்போர்ட்டில் லீன் மாஸ் சரியும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும், அதுதான் ஆபத்து. கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பால் உடம்பில் நீர் கோத்திருப்பவர்களுக்கு, தசை கரைந்துகொண்டிருந்தாலும் லீன் மாஸ் குறையாதது போலத் தெரியலாம்.

எண்ணுவதிலேயே பிழை வருமா?

வரும். எக்ஸ்ரே ஃபோட்டான்கள் மழைத்துளி மாதிரி, சீராக விழாது. ஓர் இடத்தில் 10,000 ஃபோட்டான்களை எண்ணினால், இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 சதவீதம். 100 மட்டுமே கிடைத்தால் 10 சதவீதம்.

அப்படியென்றால் கதிரைக் கூட்டலாமே? பாதுகாப்புக்காகத்தான் குறைவாக வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்கேனில் கிடைப்பது சில மைக்ரோசீவர்ட்தான். இயற்கையிலிருந்தே நமக்கு ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட், அதாவது ஒரு நாளைக்கு 6 முதல் 7 மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது.

பருமனான உடலில் டிடெக்டரை எட்டும் ஃபோட்டான்கள் குறைவு என்பதால் பிழை கூடும். படுக்கையில் ஸ்கேன் ஆகும் அகலமும் சுமார் 60 சென்டிமீட்டர்தான். அதற்குள் அடங்காதவர்களுக்கு உடம்பின் ஒரு பாதியை அளந்து, மறுபாதியும் அப்படியே என்று எடுத்துக்கொள்வது உண்டு.

எவ்வளவு மாறினால் நம்பலாம்?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐஎஸ்சிடி என்ற சர்வதேச அமைப்பு, ஒரே நபரைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் பிழை கொழுப்பின் எடையில் 3 சதவீதத்தையும், லீன் மாஸில் 2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டு ஸ்கேனிலுமே பிழை இருக்கும் என்பதால், அதை 2.77-ஆல் பெருக்க வேண்டும். அதைத் தாண்டினால்தான் 95 சதவீத உறுதியோடு ‘மாற்றம் நிஜம்’ எனலாம்.

உங்களிடம் 20 கிலோ கொழுப்பு, 50 கிலோ லீன் மாஸ் என்று வைத்துக்கொள்வோம். இந்த வரம்பில் இயங்கும் மையத்தில், கொழுப்பு சுமார் 1.7 கிலோவுக்கு மேலும், லீன் மாஸ் சுமார் 2.8 கிலோவுக்கு மேலும் மாறினால்தான் அர்த்தம். ஒரு கிலோ, ஒன்றரை கிலோவெல்லாம் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். நல்ல மையங்களில் இந்த எல்லை இன்னும் சிறியதாக இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* எப்போதும் ஒரே மையம், ஒரே கருவி. வெவ்வேறு நிறுவனக் கருவிகளின் எண்களை ஒப்பிடாதீர்கள்.
* காலையில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். முந்தைய நாள் கடும் பயிற்சி வேண்டாம். இரண்டு முறையும் அதற்கு முந்தைய நாட்களின் சாப்பாடு ஒரே மாதிரி இருக்கட்டும்.
* உலோகம் இல்லாத மெல்லிய உடை. கை, கால்களை ஒரே மாதிரி வையுங்கள்.
* “இந்த மையத்தில் எவ்வளவு மாறினால் நிஜ மாற்றம்?” என்று கேளுங்கள். 15 பேரை மூன்று முறை அல்லது 30 பேரை இரண்டு முறை ஸ்கேன் செய்து அந்த எண்ணை மையமே கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும்.
* கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு ரிப்போர்ட்டை வைத்து டயட்டை மாற்றாதீர்கள். மூன்று, நான்கு ஸ்கேன்கள் ஒரே திசையைக் காட்டினால், அப்போது மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம்.