உஷார்! படையைக் கூப்பிடச் சொல்லி வசூல் வரும்

பாகான் நக்கோடா ஓமார் படகுத்துறை ஒட்டுக்கடையிலிருந்து சபாக் பெர்ணம் செம்பனைத் தோட்டம் வரை, எந்தப் புலனக் குழுவைத் திறந்தாலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது: "மியன்மாருக்கு வெளிநாட்டுப் படை போகணும்." கூடவே ரத்தம் வழியும் படம், அழும் குரல் பதிவு, கடைசி வரியில் ஒரு வங்கிக் கணக்கு எண். உடனே பொத்தானை அழுத்தாதீர்கள்!

அடுத்தவன் வீட்டுச் சண்டைக்குள் படை இறங்கினால் என்ன ஆகும் என்று தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1983க்குப் பிறகு இலங்கைப் போராளிகளுக்குத் தமிழ்நாட்டில் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது இந்தியா. 1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆயுதம் ஏந்தி நின்ற விடுதலைப் புலிகளின் கையெழுத்து அதில் இல்லை. வந்திறங்கிய இந்திய அமைதிப்படைக்கு யாழ்ப்பாணத்துச் சனம் மாலை போட்டது. அக்டோபர் 10 அன்று அதே படை புலிகளோடு மோதத் தொடங்கியது. அந்தத் தீபாவளிச் சமயத்தில் யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து டாக்டர்கள், தாதியர், நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுத் தள்ளியது. இந்தியச் சிப்பாய்களும் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். கூத்தைப் பாருங்கள்: இந்தியப் படையை விரட்டப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார் அடுத்து வந்த இலங்கை அதிபர் பிரேமதாசா! 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் கிளம்பியபோது போர் முடிந்திருக்கவில்லை.

அப்படியென்றால் உலகம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதே இலங்கைப் போரில், 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். "போகாதீங்க" என்று அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள் மக்கள். வண்டிகள் போயே போய்விட்டன. எட்டு மாதத்தில் முள்ளிவாய்க்கால் படுகொலை. தாங்கள் தவறிவிட்டதாக 2012இல் ஐ.நா.வின் உள் அறிக்கையே ஒப்புக்கொண்டது. வாசலில் நின்ற அந்தச் சனம் கேட்டது பீரங்கியை அல்ல. பக்கத்தில் இருந்து பார்க்க நாலு கண்ணும், அரிசியும் மருந்தும்தான். மியன்மாருக்கும் அதையே கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். 2021 ஏப்ரலில் மியன்மார் அமைதிக்கென்று ஆசியான் ஐந்து அம்சம் பேசி முடித்தது. குண்டு விழுவது நின்றபாடில்லை. அதற்காகப் பட்டாளம் அனுப்பச் சொன்னால், சண்டையில் இன்னொரு துப்பாக்கி கூடும். அவ்வளவுதான்.

இனி நம்ம பக்கம். விடுதலைப் புலிகளை மலேசியா 2014இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2019 அக்டோபரில் புலித் தொடர்பு என்று சொல்லி 12 பேரைப் பிடித்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் இரண்டு பேரும் அதில் உண்டு. சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தால் 28 நாள் வரை நீதிமன்றத்தைக் காட்டாமலே வைத்திருக்கலாம். கைப்பேசியில் இருந்த படங்களும் முகநூல் படங்களும்கூட ஆதாரமாக வந்தன. படம் வைத்திருந்தால் பயங்கரவாதி ஆகிவிட முடியாது என்று 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவரே வழக்கைக் கைவிட்டார். சிறையில் கழிந்த மாதங்களை யார் திருப்பித் தருவது?

ஆகவே, எந்த நாட்டுப் போருக்கானாலும் ஆயுதம், படை, 'போராளி நிதி' என்ற பேச்சோடு வரும் வசூலுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அந்தச் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளவும் வேண்டாம். கணக்கு தனியாள் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வீடு வீடாக டப்பா தூக்கி வருபவரிடம் அனுமதிக் கடிதம் கேளுங்கள். வீட்டுக்கு வீடு வசூல் பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். ஏமாந்து பணம் போட்டிருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அடியுங்கள்.