ஏரி நிறைந்தால் மட்டும் போதுமா?



காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள ஊர் திருப்புட்குழி. 'புள்' என்றால் பறவை. சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இது என்கிறது தலவரலாறு. இங்குள்ள மரகதவல்லித் தாயாரை வேண்டிக்கொண்டால் வறுத்த பயறும் முளைக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. கோயிலில் அது அருள். நம் கழனியில் விதை முளைத்துக் கதிராவதற்கோ வளமான மண்ணும் வேளைக்குத் தண்ணீரும் வேண்டும். இவ்விரண்டையும் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,100 முதல் 1,200 மி.மீ. மழை பெய்கிறது. இது குறைந்த மழையன்று. ஆனால் அதில் பெரும்பகுதி சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இம்மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், இதே வடதமிழகம் தண்ணீருக்கு அலைந்தது. ஒரு ஏக்கர் நிலத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் அது ஏறத்தாழ ஒரு இலட்சம் லிட்டர் தண்ணீர். அதை எங்கே நிறுத்துகிறோம் என்பதே கேள்வி.

முன்னோர் கண்ட வழி

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் செப்பேடு, ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துப் பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு வாய்க்காலையும் குறிப்பிடுகிறது. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிக்கவென்றே 'ஏரி வாரியம்' என்ற குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. ஏரியை வெட்டியவன் அரசனாக இருந்தாலும், அதைக் காத்தவர்கள் ஊரார். பிற்காலத்தில் இப்பழக்கம் 'குடிமராமத்து' என்று வழங்கியது. தமிழக அரசு 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, மணிமங்கலம் ஏரியில்தான்.

முதல் வேலை எது?

ஏரியைச் சீர்செய்வது என்றாலே பலருக்கும் தூர் வாருவதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் முதல் வேலை வரத்துக்கால். வரத்துக்கால் அடைபட்டோ ஆக்கிரமிக்கப்பட்டோ இருந்தால், ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தண்ணீர் வந்து சேராது. புரட்டாசிக்குள் வரத்துக்காலில் மண்டியுள்ள வேலிக்கருவையையும் நாணலையும் அகற்றிவிட வேண்டும்.

இரண்டாவது மதகு. மதகுப் பலகையின் இடுக்கில் விநாடிக்கு ஒரு லிட்டர் கசிந்தால் அது அற்பமாகத் தோன்றும். ஒரு நாளில் அது 86,400 லிட்டர் ஆகிறது. ஒரு ஏக்கர் கழனியில் 2 செ.மீ. உயரத்திற்கு நிற்கக்கூடிய தண்ணீர் அது!

மூன்றாவது கலங்கல். அதிக நீர் பிடிக்கலாம் என்று எண்ணிக் கலங்கலின் மேல் மணல் மூட்டை அடுக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இது மிகவும் தவறு. கலங்கல் மட்டத்தைக் கணக்கிட்டே கரையின் உயரம் அமைக்கப்பட்டுள்ளது. மூட்டை அடுக்கினால் மேல்புற நிலங்கள் மூழ்கும். பெருமழையில் கரையே உடைந்து பயிரும் ஊரும் பாழாகும்.

தூர் வாருவதிலும் ஒரு கணக்கு உண்டு. மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டினால் அங்கு நிற்கும் நீர் மதகு வழியாக ஆயக்கட்டுக்குப் பாயாது. ஆடு மாடுகளுக்குப் பயன்படலாம், கிணறுகளுக்கு ஊற்றாகலாம். கழனிக்கு நேராக வராது. மேலும், கரையடியை ஒட்டித் தோண்டினால் கரை வலுவிழக்கும். ஆகவே மேட்டுப்பகுதியில் படிந்துள்ள வண்டலைப் பரவலாக எடுப்பதே நலம்.

வண்டல் ஓர் உரம்

ஏரி வண்டலில் களித்துகள்களும் மக்கிய பொருள்களும் உள்ளன. இவை நம் நிலங்களிலிருந்து அடித்துச் செல்லப்பட்டவையே. எனவே வண்டலைத் திருப்பி இடுவது, இழந்த மேல்மண்ணை மீட்பதாகும். மணற்பாங்கான, நீர் நிற்காத நிலங்களுக்கு இது மிகவும் ஏற்றது. களிமண் நிலங்களுக்கு அவ்வளவு பயன் தராது. இடுவதற்கு முன் வண்டலையும் உங்கள் நிலத்து மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்தில் ஆய்வு செய்து, உப்பின் அளவையும் களர்த் தன்மையையும் அறிந்துகொள்ளுங்கள்.

விவசாயத்திற்கு வண்டல் எடுக்கக் கட்டணம் இல்லை. ஆனால் அனுமதி கட்டாயம். 2024 முதல் வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி வழங்கும் ஏற்பாடு வந்துள்ளது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டரும் புன்செய்க்கு 90 கன மீட்டரும் உச்ச அளவு. 75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் சமமாகப் பரப்பினால் சுமார் 2 செ.மீ. கனமே வரும். கோடையில் பரப்பி, உழுது, மண்ணோடு நன்கு கலந்துவிடுங்கள்.

கழனியில் செய்ய வேண்டியவை

1. நவரை அறுவடைக்குப் பின் கோடை மழை ஈரத்தில் உழவு செய்யுங்கள். புன்செய்யில் சரிவுக்குக் குறுக்கே உழுதால் மழைநீர் ஓடாமல் மண்ணில் இறங்கும்.

2. வரப்புகளில் எலி, நண்டு வளைகளை அடைத்துச் சேறு பூசுங்கள். வரப்பு வலுவாக இருந்தால் மழை நீரோடு உரமும் வயலிலேயே தங்கும்.

3. சம்பாவுக்கு முன் இடைவெளி கிடைத்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 40 முதல் 45 நாட்களில் மடக்கி உழுங்கள். மண்ணின் நீர் பிடிக்கும் திறன் கூடும்.

4. நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் கட்டி நிறுத்தத் தேவையில்லை. 40 செ.மீ. நீளமுள்ள குழாயின் கீழ்ப்பகுதியில் துளையிட்டு, 15 செ.மீ. மேலே தெரியும்படி வயலில் புதையுங்கள். நட்ட பத்து நாட்களுக்குப் பின், குழாயினுள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்திற்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைமடையும் கடைமடையும்

"என் வயல் தலைமடையில் இருக்கிறது, எனக்கென்ன கவலை?" என்று சிலர் நினைக்கலாம். தலைமடையில் வீணாகும் தண்ணீர்தான் கடைமடையில் கருகும் பயிர். கடைமடைக்காரர் நம்பிக்கை இழந்து ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிவிட்டால், வாய்க்கால் பராமரிப்புக்கு அவர் வரமாட்டார். கூட வேலை செய்ய ஆள் குறையும், வாய்க்கால் தூர்ந்துபோகும். பிறகு தலைமடைக்கும் ஏரி நீர் முறையாகக் கிடைக்காது. கிணறுகளுக்கும் ஏரியே ஊற்று என்பதை மறக்கலாகாது. ஏரி வறண்டால் கிணறும் ஆழம் தேடிப் போகும். செலவு கூடிக்கொண்டே போகும்.

ஆகவே இவ்வாண்டு ஆடி மாதத்திலேயே ஆயக்கட்டுதாரர்கள் கூடிப் பேசுங்கள். வரத்துக்கால், மதகு, கலங்கல், வாய்க்கால் இந்நான்கையும் ஒரு நாள் சேர்ந்து நடந்து பாருங்கள். நீங்களே செய்யக்கூடியதை உடனே தொடங்குங்கள். அரசு செய்ய வேண்டியதை நீர்வளத்துறைக்கோ, சிற்றேரியானால் ஊராட்சி ஒன்றியத்திற்கோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். பயிர் பற்றிய ஐயங்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள்.

மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது வரும்போது ஏரியும் கழனியும் தயாராக இருக்கட்டும்!