முடி நடும் சிகிச்சைக்குப் போறீங்களா? 2016 சென்னை சம்பவம் சொல்வது என்ன?

கொல்லிமலை வளப்பூர் நாட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகணும். 'ஒரே நாளில் முடி' விளம்பரமோ செல்போனில் நேரா வந்துடுது. பொண்ணு பார்க்கப் போனால் வழுக்கையைப் பற்றித்தான் முதல் பேச்சு என்றால், இளைஞர்கள் அதை நம்புவதில் ஆச்சரியமில்லை.

2016-ல் என்ன நடந்தது?

சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் இரண்டு நாளில் உயிரிழந்தார். மருத்துவம் படித்தவருக்கே இந்தக் கதி! அந்த நிலையத்துக்கு இருந்தது சலூன் உரிமம் மட்டும்தான் என்பது பிறகு தெரியவந்தது.

ஆபத்து எங்கே?

முக்கியமாக, மரத்துப்போகப் போடும் ஊசியில். சிகிச்சை பல மணி நேரம் நீளும். மருந்தைத் திரும்பத் திரும்பப் போடுவாங்க. அளவு மீறினாலோ, தவறி ரத்தக்குழாயில் இறங்கினாலோ வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். அந்த நேரத்தில் பயிற்சி பெற்ற டாக்டரும் கருவிகளும் பக்கத்தில் இல்லைன்னா காப்பாற்றுவது கஷ்டம்.

அப்போ அழகு சிகிச்சையே வேண்டாமா?

அப்படி இல்லை. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக சீரமைப்புக்கு இலவச கிளினிக் தொடங்கியபோது விமர்சனம் எழுந்தது. ஆனால் மார்பக எடையால் முதுகு, கழுத்து வலியோடு வாழும் பெண்களுக்கு அது நிஜமான நிவாரணம்.

என்ன கேட்கணும்?

யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. முன்பணம் கட்டும் முன் டாக்டரின் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்க. மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை இருப்பாரா, அவசரம்னா எந்த ஐசியூ என்பதையும் கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா கிளம்பிடுங்க.