பாம்புக்கடி: மருந்து இருந்தும் உயிர் போவது ஏன்?

நெல் விளைந்தால் எலி வரும். எலி வந்தால் பாம்பு வரும். உத்திரமேரூர் வட்டாரத்தின் ஏரிப்பாசன வயல்களில் களை பறிப்பவருக்கும், ராத்திரியில் மடை திறக்கப் போகிறவருக்கும் இது தெரிந்த கதை. பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்ததோ 2017-இல்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர், இதற்குப் பலியானதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே போனவர்கள்.

இத்தனைக்கும் மருந்தின் மூலப்பொருள் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டுப் பிழைப்பை இழந்த இருளர்கள், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துப் பானையில் வைத்து, நஞ்சு எடுத்தபின் மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுக்கிறார்கள். நாட்டின் மருந்து நிறுவனங்கள் நெடுங்காலம் பெரிதும் நம்பியிருந்தது இந்த நஞ்சைத்தான். ஆனால் ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். அதனால் வடமாநிலங்களில் சில கடிகளுக்கு இந்த மருந்து சரியாக வேலை செய்வதில்லை. இதைத் திருத்த ஆராய்ச்சி வேண்டும், பணம் வேண்டும். கடிபடுகிறவர் கூலித் தொழிலாளி என்றால் பணம் போட யார் முன்வருவார்? ஆப்பிரிக்காவுக்கான ஒரு முக்கிய மருந்தின் தயாரிப்பை, லாபமில்லை என்று ஒரு பிரெஞ்சு நிறுவனம் கைவிட்டதும் இப்படித்தான்.

அடுத்த எதிரி நேரம். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். வாயுத்தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு திணறும். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்தாலே இது தெரிந்துவிடும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய சோதனை. ஆனால் கயிறு கட்டி, மந்திரித்து, வேப்பிலை அடித்து முடிவதற்குள் சிறுநீரகம் கெட்டுவிடுகிறது. உயிர் பிழைத்தாலும் டயாலிசிஸ், கடன்.

ஆஸ்பத்திரிகளிலும் தாமதம் உண்டு. விஷமுறிவு மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். அதற்குப் பயந்து முதல் ஊசியைக்கூடப் போடாமல் "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அனுப்புவது நாடு முழுவதும் நடக்கிறது. ஒவ்வாமையை அடக்க அட்ரினலின் இருக்கிறது. அதைக் கையாளும் பயிற்சியைக் கிராமத்து மருத்துவருக்கும் செவிலியருக்கும் கொடுப்பதுதான் என் பார்வையில் மிக அவசரமான வேலை.

2030-க்குள் பாம்புக்கடி மரணங்களைப் பாதியாக்க மத்திய அரசு 2024-இல் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அதன்படி தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை குப்பி மருந்து தேவை என்பதை அந்தக் கணக்கை வைத்தே திட்டமிட முடியும்.