விழுந்த குறுக்குத்தடி

கரவெட்டியில் எங்கள் வீட்டின் பின்வளவிலே நட்டு நிறுத்திய இரண்டு கம்புகளும், அவற்றின் இடையே ஒரு கயிறும், அப்பால் ஒரு மணற்குவியலும் உள்ளன. நான்கு ஆண்டுகளாக மாலைதோறும் என் மகள் அக்கயிற்றைத் தாண்டிப் பாய்ந்து வருகிறாள். அவளுடைய பதினோராவது வயதில், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் 1 மீற்றர் உயரம் பாய்ந்தாள். இவ்வாண்டு அவள் தாண்டியது 1.32 மீற்றர். முப்பத்திரண்டு சென்ரிமீற்றர் உயர்வதற்கு நான்கு ஆண்டுகள்! பிள்ளையின் வளர்ச்சியை இத்துணைத் திட்டமாக அளந்து காட்டும் கருவி பெற்றோருக்கு வேறெங்கே கிடைக்கும்?

ஆயினும், அந்த அளவுகோலை நான் முழுமனத்தோடு நோக்கினேன் என்று சொல்வதற்கில்லை. நம் குடாநாட்டிலே கல்வியே சொத்து. புலமைப்பரிசில் தொடங்கிப் பல்கலைக்கழக அனுமதிவரை, புள்ளிகளை எண்ணியே பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். மைதானத்திற் கழியும் மாலைப்பொழுது வீண்பொழுது என்னும் எண்ணம் எனக்கும் இருந்தது. வரும் ஆண்டிலே அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. 'இப்போட்டியோடு பாய்ச்சல் போதும்' என்று சொல்லிவிடத் தீர்மானித்துக்கொண்டே அன்று அவளை மைதானத்திற்கு அழைத்துச் சென்றேன்.

உயரம் பாய்தல் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் பங்குபற்றினார். 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டிலே இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித்தந்தார். அமெரிக்காவிலே உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டமும் பெற்று, 2024இல் மறைந்தார். பாய்ச்சல் அவருடைய படிப்பைக் கெடுக்கவில்லை. இதனை அறிந்திருந்தும், 'அவர் ஆயிரத்தில் ஒருவர்' என்று கூறி நான் என் அச்சத்தை நியாயப்படுத்தி வந்தேன்.

வீட்டில் மணலிலே விழ வேண்டியிருப்பதால், என் மகள் கத்தரிக்கோல் விரிவதுபோற் கால்களை மாற்றி வீசியே பாய்வாள். மெத்தை இருக்கும் மைதானத்திலோ வளைந்து ஓடிவந்து, தடிக்கு முதுகைக் காட்டி, வானத்தை நோக்கியவாறு பாய்வாள். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி தங்கம் வென்று உலகறியச் செய்த முறை அது. முதுகும் தோளும் முதலில் விழுவதால், தடித்த மெத்தையின்றி அதனைப் பழகலாகாது. முதன்முறை அவள் அவ்வாறு விழுந்தபோது, கழுத்து முறிந்ததோ என அஞ்சி நான் கண்களை மூடிக்கொண்டேன்.

அன்றைய போட்டியில் 1.32 மீற்றரை இரண்டாம் முயற்சியிலே தாண்டினாள். அடுத்து 1.35. முதன்முறை குதி தட்டியது. இரண்டாம் முறை இடுப்புத் தட்டியது. மூன்றாம் முறை தடியோடு சேர்ந்தே மெத்தையில் விழுந்தாள். தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டி முடிந்தது என்பது விதி. அவளுக்கு இரண்டாம் இடம்.

முதலிடம் பெற்ற பிள்ளையோ 1.35ஐத் தாண்டினாள். தடியை மேலும் உயர்த்தினார்கள். அவளும் மூன்று முறை தட்டிவிட்டே வெளியேறினாள். அப்பொழுதுதான் இவ்விளையாட்டின் இயல்பு எனக்கு விளங்கிற்று. தோற்றவருக்கு மட்டுமன்று, வென்றவருக்கும் பெரும்பாலும் தடி விழுந்தே போட்டி முடிகிறது. எவரும் தம்மால் இயலாத உயரம் எது என்பதை எல்லார் முன்னிலையிலும் கண்டறிந்த பின்னரே வீடு திரும்புகின்றனர். பிள்ளையின் புள்ளி குறைந்தால் அதனை அயலவரிடமிருந்து மறைக்கும் வழக்கமுடைய நமக்கு, இஃது எத்துணைப் பெரிய பாடம்!

அழுதுகொண்டு வருவாள் என்று ஆறுதல் மொழிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னாள்:

"அப்பா, கடைசி மூண்டு அடியும் நேராய் ஓடிப்போட்டன். வளைஞ்சு வந்திருந்தால் இடுப்புத் தட்டியிராது."

தன் தவற்றை இவ்வளவு அமைதியாக எடுத்துச் சொல்ல, இந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பரீட்சைத்தாளிலே ஒரு கணக்குப் பிழைத்தால், அன்று முழுவதும் உண்ணாதிருந்த பிள்ளை நான். பரீட்சைக்கு இவளைத் தகுதியாக்குவது எது, கெடுப்பது எது என்று நான் போட்டிருந்த கணக்கு அவ்விடத்திலேயே பிழைத்துப்போயிற்று.

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. நெல்லியடிச் சந்தியில் இறங்கி வீடு நோக்கி நடக்கையில், காலையில் எத்தனை மணிக்கு எழுந்து படிப்பது, மாலையில் எவ்வளவு நேரம் பாய்வது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். மறுநாள் விடியலில் அவள் புத்தகத்தோடு அமர்ந்திருந்தாள். நான் மண்வெட்டியை எடுத்து, பின்வளவிலே இறுகிக் கிடந்த மணலைக் கொத்திப் பரப்பினேன். பின்பு கயிற்றை அவிழ்த்து, 1.35இல் உயர்த்திக் கட்டினேன்.