கித்தான் கூரை வண்டி வாங்கப் போகிறீர்களா? கண்ணை விடக் காதை நம்புங்கள்!

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர், மடியிலிருந்து பணத்தை அவிழ்ப்பதற்கு முன்னால் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டு நடை பார்ப்பார். புங்கனூர்க் குட்டை மாடுகளுக்குப் பெயர் போன சித்தூர்ச் சீமையில் இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதே மனிதர் பழைய மோட்டார் வண்டி வாங்கப் போனால், பெயிண்டின் பளபளப்பையும் புது சீட் உறையையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்து விடுகிறார். வண்டிக்குப் பல் எது? அதன் சத்தம்தான்.

கூரையை மடக்கிவிட்டுக் காற்றாடப் போகும் வண்டி என்றால் சினிமாக் கதாநாயகர்களுக்கு என்று நினைத்த காலம் உண்டு. நம் பக்கத்தில் அந்த இடத்தைப் பிடித்தது கித்தான் கூரை போட்ட ஜீப்தான். 1940-களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. 1985-ல் மாருதி ஜிப்சி வந்தது. 2010-ல் தார் வந்தது. 2020 அக்டோபரில் வெளிவந்த புதிய தார் வண்டியில், மடக்கிவிடக் கூடிய துணிக் கூரையும் ஒரு வகையாகக் கிடைத்தது. இவையெல்லாம் இப்போது பழைய வண்டிச் சந்தையில் கைமாறுகின்றன. சேமநிதிப் பணத்தையோ சீட்டுப் பணத்தையோ போட்டு இப்படி ஒன்றை வாங்க நினைக்கும் குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள்.

இரண்டு வகைச் சத்தம்

துணிக் கூரை வண்டி சத்தம் போடத்தான் செய்யும். தகரக் கூரையைப் போலத் துணி வெளி ஓசையைத் தடுத்து நிறுத்தாது. ஆகவே "சத்தமாக இருக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை. "எந்தச் சத்தம், எங்கிருந்து வருகிறது?" என்றுதான் கேட்க வேண்டும்.

கூரை படபடவென்று அடிப்பதும், கதவு இடுக்கில் காற்று சீழ்க்கை அடிப்பதும் ஒரு வகை. ரெக்சின் தைப்பவரிடம் காட்டி, வாரை இறுக்கி, ரப்பரை மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். செலவும் அதிகமில்லை. சக்கரத்து பேரிங், கியர் பெட்டி, பின் அச்சு இவற்றிலிருந்து எழும் உறுமலும் ஊளையும் இன்னொரு வகை. இவற்றுக்கு ஆகும் செலவு பட்ஜெட்டையே கவிழ்த்துவிடும். சங்கடம் என்னவென்றால், முதல் வகைச் சத்தம் இரண்டாவதை மூடி மறைத்துவிடுகிறது. "சாப்ட் டாப் சார், அப்படித்தான் இருக்கும்" என்று தரகர் சொல்லும் ஒரே பதில் எல்லாவற்றுக்கும் பொருந்திப் போகிறது!

ஓட்டிப் பார்ப்பது எப்படி?

காலை வேளையில் போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே இஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய இஞ்சினைக் கிளப்பும்போது கேட்கும் சத்தமே அதன் உண்மையான குரல். முதல் வேலையாகப் பாட்டுப் பெட்டியையும் ஏ.சி.யையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

தெருவைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுச் சத்தம் காதில் விழுவதே இல்லை. வேகம் இரட்டிப்பானால் காற்று எழுப்பும் ஓசை ஏறத்தாழ 18 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினாலே நம் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றும் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். ஆகவே சித்தூர் – திருப்பதி நெடுஞ்சாலை போன்ற நல்ல ரோட்டில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். கூரையை மூடி ஒரு தடவை, மடக்கிவிட்டு ஒரு தடவை. பின் சீட்டிலும் உட்கார்ந்து பாருங்கள். ஊருக்குப் போகும்போது வயதான தாய் தந்தையர் உட்காரப் போவது அங்கேதான்.

ஓடும்போது நான்கு சோதனைகள் செய்யலாம்.

ஒன்று: வழவழப்பான தாரிலிருந்து சொரசொரப்பான ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். ரோடு மாறியும் அதே உறுமல் தொடர்ந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு: நீண்ட வளைவில் வலப்புறம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரங்களில் விழும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்க பேரிங். இடப்புறம் திரும்பும்போது கூடினால் வலப்பக்க பேரிங்.

மூன்று: சமதளமான காலி ரோட்டில், 60 கிலோமீட்டர் வேகத்தில், கிளட்சை அழுத்தி ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். சத்தம் அடங்கினால் அது இஞ்சின் பக்கத்தது; அடங்காமல் தொடர்ந்தால் சக்கரம், அச்சு அல்லது காற்று. இஞ்சினை மட்டும் அணைத்துவிடக் கூடாது. பிரேக்கின் பலம் குறைந்துவிடும். இறக்கத்திலோ மலைப்பாதையிலோ இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

நான்கு: ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி என்று ஊளை கேட்டால், பின் அச்சின் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டாமல் விலை பேசாதீர்கள்.

திருமலை மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அங்கே வேகக் கட்டுப்பாடு உண்டு. காற்றுச் சத்தம் தெரியாது. இஞ்சினின் மூச்சு தெரியுமே தவிர, கூரையின் யோக்கியதை தெரியாது.

நிற்கும்போது செய்வது

செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் கதவு இடுக்கில் வைத்துச் சாத்துங்கள். பிறகு இழுங்கள். வழுக்கிக் கொண்டு வந்தால் ரப்பர் அழுத்திப் பிடிக்கவில்லை. கதவைச் சுற்றி நாலைந்து இடத்தில் இப்படிப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கூரை ஓரமாக மெல்ல ஊற்றுவதும் நல்லதே. தண்ணீர் நுழையும் வழியே காற்றும் நுழையும். ஓடும்போது சீழ்க்கை கேட்ட இடத்தில் வெளிப்பக்கமாகப் பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டி மறுபடி ஓட்டுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!

ராயலசீமை வெயிலில் வருஷக் கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் கல்லாகிப் போயிருக்கும், ரெக்சின் சுருங்கியிருக்கும், பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளித்திருக்கும். ஜிப், கொக்கி, வார் எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

காதும் உடம்புதான்

தொடர்ந்து கேட்கும் சத்தம் 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரமே எல்லை என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்த நாட்டிலேயே திறந்த கூரைக் கார்களை அளந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் கூரையைத் திறந்து ஓட்டியபோது பெரும்பாலான கார்களில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டியது. மூடியிருந்தபோது அந்த எல்லைக்குள் அடங்கியது. பகலெல்லாம் பட்டறையிலோ மில்லிலோ இரைச்சலில் நிற்பவர், திருப்பதியிலிருந்து சென்னை வரை சுமார் 140 கிலோமீட்டரும் அதே இரைச்சலில் போவது நல்லதல்ல. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி உண்டு. அது காட்டும் எண் துல்லியமானதல்ல. ஆனால் ஒரே கைப்பேசியை வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

காகிதத்தையும் பாருங்கள்

சத்தம் தாங்காமல் துணிக் கூரையை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்ட வண்டிகளும் விற்பனைக்கு வருவதுண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் அளவைகளுக்கும் மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.சி.யையும் கூரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேலூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று தமிழ்நாட்டு வண்டியை வாங்கி இங்கே கொண்டு வருபவர்கள், 28-ஆம் நமூனாவில் ஆட்சேபணையின்மைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் ஆந்திரப் பதிவெண் பெற வேண்டும். அதற்கான வரியையும் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

கூரைச் சத்தம் இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். வண்டியைத் தாராளமாக வாங்கலாம். அச்சிலும் கியர் பெட்டியிலும் சத்தம் இருந்து, மெக்கானிக் சொல்லும் செலவுக்கு ஏற்ப விலையும் இறங்கவில்லையென்றால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்புங்கள். பணம் உங்கள் பையில் இருக்கும் வரை அவசரம் விற்பவருக்குத்தான், உங்களுக்கு அல்ல.