ஒட்டு மாங்கன்றும் ஒரு மாணவனின் கையும்

மேலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாட்டுத் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டான். மதுரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது, அவனுடைய வலது கை இடுப்போரம் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. "சார், கை இப்படியே இருந்துடுமா?" என்று கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பள்ளிக்குத் திரும்பியதும் அதையே பாடமாக்கினேன்.

மேலோட்டமான காயத்துக்குத் தொடையிலிருந்து தோலை மெல்லியதாகச் சீவி ஒட்டினால் போதும். அந்தத் தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. காயத்தின் அடிப்பரப்பிலிருந்துதான் அது உயிர் பெற வேண்டும். மேலுறை உரிந்த எலும்போ தசைநாணோ வெளியே தெரிந்தால், அங்கே ஒட்டிய தோல் பிழைக்காது.

அந்த இடத்துக்குத் தேவை தோல் மடல். தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் இரத்தக்குழாயோடு சேர்த்து உயர்த்தி, ஒரு முனை உடலோடு இணைந்தே இருக்கும்படி காயத்தின் மேல் வைத்துத் தைப்பார்கள். தொடையிடுக்கிலிருந்து இடுப்பெலும்பை நோக்கி ஓடும் சிறு தமனியை நம்பி எடுக்கும் மடலை, 1972இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் மெக்ரிகரும் ஜாக்சனும் விவரித்தார்கள். எடுத்த இடத்தின் தழும்பு ஆடைக்குள் மறைந்துவிடுவது இதில் ஒரு வசதி.

வகுப்பில் ஒட்டு மாங்கன்றை உதாரணம் காட்டினேன். தொட்டியிலுள்ள நாட்டுக் கன்றைத் தாய்மரக் கிளையோடு சேர்த்துக் கட்டுகிறோம். இரண்டும் ஒட்டும்வரை கிளைக்கு உணவு தருவது தாய்மரம். ஒட்டியபின்தான் கிளையை வெட்டுகிறோம். "அவசரப்பட்டு வெட்டினா கிளை வாடிடும் சார்" என்றாள் தோப்புக்காரர் மகள் ஒருத்தி. கையும் அப்படித்தான். சுமார் மூன்று வாரத்தில் கையிலிருந்து மடலுக்குள் புதிய இரத்தக்குழாய்கள் வளர்ந்துவிடும். பிறகு இடுப்பிலிருந்து பிரிப்பார்கள்.

மடலில் கொழுப்பு இருப்பதால் கை உப்பலாகத் தெரியும். அதனால் கொழுப்பைக் குறைத்து மடலை மெல்லியதாக்குவது உண்டு. 2004இல் ஜப்பானிய மருத்துவர் கோஷிமா குழுவினர், அதே தமனியின் நுண்கிளையை நம்பிய மெல்லிய மடலை முழுதாக எடுத்து, கை கால்களின் இரத்தக்குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். இதில் கையை இடுப்போடு பிணைக்க வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் கை அறுவை சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவை 1971இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கியவர் மருத்துவர் ஆர். வெங்கடசாமி.

இத்தகைய மாணவர் வகுப்புக்குத் திரும்பும்போது நாம் கவனிக்க வேண்டியவை:

* புதிய தோலில் உணர்ச்சி குறைவு. சுடுசாம்பார், ஆய்வகச் சூடு, வெயிலில் காய்ந்த இரும்புக் கம்பி இவை பட்டாலும் தெரியாது.
* மருத்துவர் சொன்ன விரல் பயிற்சிக்கு இடைவேளையில் நேரம் கொடுங்கள். விரல் இறுகிவிட்டால் அறுவை சிகிச்சையின் பலன் குறையும்.
* தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகிய சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.
* அவர் வருவதற்கு முன்பே வகுப்புக்கு விளக்கிவிடுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் என் மாணவனைப் பள்ளியில் தக்கவைத்தது. உப்பிய கையைச் சட்டைப்பைக்குள் மறைத்தபடி வந்தவனை யாரும் கேலி செய்யவில்லை. தோப்புக்காரர் மகள் மட்டும் கேட்டாள்: "ஒட்டு பிடிச்சிருச்சா?" அவன் சிரித்துக்கொண்டே கையை வெளியே எடுத்துக் காட்டினான்.